எது அந்தக் கார்?

வீட்டு ஷெட்டில் பழைய மோரிஸ் மைனரைப் புதுப்பிப்பவர், துருவேறிய தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் வைக்கிறார். அடுத்து மட்கார்டு, பம்பர், சீட் உறை. எல்லாம் மாறிய பின் நிற்பது அதே கார்தானா?

கிரேக்க அரசன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டதும் இதையொட்டிய கேள்விதான். சக்கரமா தேர்? அச்சா? நுகமா? தனித்தனியே எதுவும் தேரில்லை. சேர்ந்திருப்பதற்கு இட்ட பெயர்தான் தேர். மனிதனும் அப்படியே என்றார் அவர்.

1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே இந்தக் கேள்வி வந்தது. 1929, 1930 இரண்டு ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ‘ஓல்ட் நம்பர் ஒன்’ காரை ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு மதிப்புக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அதில் அசல் பாகங்கள் மிகக் குறைவு என்று பின்வாங்கினார்கள். பந்தயக் காலத்திலும் பிறகும் அது பலமுறை மாற்றிக் கட்டப்பட்டது உண்மை. ஆனால் வரலாறு எங்கும் அறுபடவில்லை. ஆகவே அதே கார்தான் என்றார் நீதிபதி ஆட்டன்.

நியாயமான தீர்ப்பு. நாகசேனர் இன்னும் ஆழமாகப் போகிறார், ஆனால் ஷெட்டில் நிற்பவருக்கு ஆட்டன்தான் கைகொடுக்கிறார். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து வைப்பதும், சுருக்கம் விழுந்த சீட் தோல் உறுதியாக இருந்தால் துடைத்து எண்ணெயிட்டு அப்படியே மாட்டுவதும் அந்தத் தொடர்ச்சியைக் காக்கும் வேலைகள்.