நோயுற்ற முதுபூனை

எம் வீட்டில் 16 ஆண்டு எலி பிடித்த பூனை இன்று விறாந்தை மூலையிற் கிடக்கின்றது. ஓயாது நீர் பருகும். உணவை மோந்து விலகும். சிறுநீரகம் பழுதென்றார் மிருக வைத்தியர். முதிர்ந்த பூனைகட்கு இது பெருவழக்கு, பழுது மீளாது. அயலார், "அதன் வினைப்பயன், அனுபவிக்கட்டும்" என்றனர். வினை அதனுடையதாயின், கண்டிருந்தும் நீர் வையாமை எவருடைய வினை?

மாணாக்கனொருவன், "ஐயா, கொன்றுவிடலாகாதோ?" என்றான். இவ்வினா அத்துணை எளிதன்று. 1927இல் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், அடுத்த ஆண்டு சபர்மதி ஆச்சிரமத்தில் நோய் தீராத கன்றொன்றை வைத்தியர் ஊசியால் இறக்கச் செய்தார். கொல்லாமை பிறழ்ந்ததென்று கண்டனங்கள் குவிந்தன. அக்கன்று நோவின்றிப் புரளவும் இயலாது கிடந்தது. எம் பூனையோ அழைப்பின் இன்னும் செவி திருப்புகின்றது. இன்று ஊசி நாடுவேனாயின், ஒழிப்பது அதன் நோவையோ, கண்டிருக்கும் என் நோவையோ? அது கதறும் நாள் வரின், வைத்தியர் கையைத் தடுக்கேன்.

அதுகாறும் நீரும் பழஞ்சாக்கும் வேண்டும். இரக்கத்தாற் பரசிற்றமோல் கொடுத்துவிடற்க. நம் காய்ச்சல் தணிக்கும் அவ்வில்லை ஒன்றே பூனையைக் கொல்லவல்லது.

நேற்றிரவு சிரட்டையை வாயருகே பிடித்தேன். நான்கு முறை நக்கிற்று. பின் என் பாதத்தில் தலை சாய்த்துக்கொண்டது.