முப்பத்தோராம் நாளும் ஆறாம் மாதமும்

தெஹிவளையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், துயரத்துக்கு நாள் குறிப்பது அந்த வீட்டுச் சமயம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய சைவ வீடென்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு துடக்குக் கழியும். வருஷம் திரும்பும்போது ஆட்டைத் திவசம். அடுத்த வாசலில் முஸ்லிம் பெண்ணொருத்தி கணவனை இழந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். மற்ற உறவுகள் துக்கம் காக்க மூன்று நாள்தான். எதிரே இருக்கும் சிங்களக் குடும்பம் ஆறாம் நாள் இரவு பிக்குவை அழைத்து 'பண' என்ற சமயப் பிரசங்கம் கேட்கும், ஏழாம் நாள் தானம் கொடுக்கும், மூன்றாம் மாதத்தில் இன்னொரு தானம். கத்தோலிக்கர் முப்பதாம் நாள் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு நவம்பர் 2 ஆம் திகதியும் கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோவார்கள். நெடுமால் விஷ்ணு கோயிலும் கரகம்பிட்டிய சுபோதாராம விகாரையும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் நெருங்கிக் கிடக்கிற ஊரில் இதெல்லாம் யாருக்கும் புதினமில்லை.

2022 இல் இந்தக் கணக்குகளோடு வேறு இரண்டு கணக்குகள் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, 'நீடித்த துயரக் கோளாறு' என்பதை உளநோய்ப் பட்டியலில் சேர்த்தது. இழப்புக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் இறந்தவர்மீதான ஏக்கம் தணியாமல் ஆளை முடக்கிப் போட்டால் அது நோயாகலாம். மார்ச்சில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டின் திருத்திய பதிப்பில் அதே கோளாறைச் சேர்த்து, வயதுவந்தவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வைத்தது. ஒரே துயரம் ஜெனீவாவில் ஏழாம் மாதத்திலேயே நோயாகலாம். வாஷிங்டனில் அதற்கு இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும்.

மாத எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு நிபந்தனையை இரண்டு நூல்களும் வைக்கின்றன. அந்தத் துயரம் அவரவர் சமூக, பண்பாட்டு, சமய வழக்கம் எதிர்பார்ப்பதைத் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும். அதாவது நோயை நிர்ணயிக்கப்போகும் உளவியலாளர், அதற்கு முன் ஐயரிடமோ மௌலவியிடமோ பிக்குவிடமோ பாதிரியாரிடமோ போய் அளவுகோலை வாங்கிவர வேண்டியிருக்கிறது. விஞ்ஞானம் தன் கதவைத் தானே திறந்துவைத்திருக்கும் இடம் இது. இந்தக் கதவைப் பற்றி மருத்துவ உளவியல் வகுப்பறைகள் எவ்வளவு பேசுகின்றன என்பதுதான் கேள்வி.

தெஹிவளைக்கு இது புத்தகக் கேள்வியும் அல்ல. 1996 ஜூலை 24 மாலை, வேலை முடிந்து வீடு திரும்புவோரால் நிறைந்த ரயிலில் விடுதலைப் புலிகள் வைத்த குண்டுகள் தெஹிவளை ஸ்டேஷனில் வெடித்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஏப்ரல் 21 இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் நட்சத்திர ஹோட்டல்களும் தாக்கப்பட்ட அதே நாள், மதியத்துக்குப் பிறகு, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்து விடுதியொன்றில் வெடித்த குண்டுக்கு இருவர் பலியாயினர். குண்டு வெடித்த கணம் எல்லோருக்கும் ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் நாட்கள் வேறு வேறு விதமாக எண்ணப்பட்டன.

மருத்துவ உளவியலாளர் ஒருவர் எப்படி உருவாகிறார்? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முதுதத்துவமாணிக் கற்கையானாலும், பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் எம்.ஃபில். ஆனாலும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான்: உளநோயியல், உளவியற் சோதனைகள், சிகிச்சை முறைகள், புள்ளியியல், ஒழுக்கநெறி, கூடவே ஆஸ்பத்திரி வார்டிலும் கிளினிக்கிலும் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்ப்பது, கடைசியில் ஓர் ஆய்வேடு. விஞ்ஞானியாகவும் சிகிச்சையாளராகவும் ஒரே ஆளைப் பயிற்ற வேண்டும் என்று 1949 இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு போட்ட கோடு, சிறு மாறுதல்களோடு உலகமெல்லாம் ஓடுகிறது. இதில் சமயம் 'பண்பாடு' என்ற தலைப்பின் கீழ் வந்துபோகும். அங்கே சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் இரண்டு விதிகள். நோயாளியின் நம்பிக்கையைத் தீர்ப்பிடாதே, உதவுமென்றால் பயன்படுத்து.

கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்விரண்டில் எதையும் சரியாகக் கடைப்பிடிப்பது எளிதல்ல.

முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். மகனைப் பறிகொடுத்த தாய் "போன பிறப்பிலே செய்த பாவம்" என்கிறாள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை படித்துவிட்டு வந்த மாணவிக்கு இது தன்னையே குற்றஞ்சாட்டும் பிழையான சிந்தனை, திருத்த வேண்டியது. அந்தத் தாய்க்கோ, கண்மூடித்தனமாக நடந்ததுபோலத் தெரியும் ஒன்றுக்கு ஒழுங்கு கொடுக்கிற ஒரே விளக்கம் அதுதான். மாணவி அதைத் திருத்த முயன்றால் வினைக்கொள்கையோடு வாதாடுகிறாள். விட்டுவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகிறது, அல்லது அது உண்மையா பொய்யா என்பது முக்கியமில்லை என்று தீர்மானித்ததாகிறது. மூன்றுமே தத்துவ நிலைப்பாடுகள்தான். தீர்ப்பிடாமல் நிற்க ஒரு மூலை அந்த அறையில் இல்லை.

மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1985 இல் இதே சிக்கலை எதிர்ப்பக்கமிருந்து பிடித்தார். வாழ்வில் எதிலும் பிடிப்பில்லை, எல்லாம் துக்கம், நம்பிக்கை வைக்க ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் மேலைநாட்டு உளமருத்துவம் அவரை மனச்சோர்வு நோயாளி என்று எழுதக்கூடும். இலங்கையில் அதே ஆள் ஒரு நல்ல பௌத்தராக மட்டுமே இருக்கலாம் என்றார் அவர். இந்தக் கட்டுரையைப் படிக்காமல் இந்நாட்டில் யாரும் மனச்சோர்வு வினாக்கொத்தைக் கையிலெடுக்கக் கூடாது. அதற்காக, தற்கொலையை நினைத்துக்கொண்டிருப்பவரை ஞானி என்று எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடவும் முடியாது. 1995 ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இருந்தது இலங்கை.

இரண்டாவது விதிக்கு, அதாவது பயன்படுத்துவதற்கு, நமக்குப் பக்கத்திலேயே சிறந்த உதாரணம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் நடுவில் மருந்தும் ஆளணியும் போதாத நிலையில், மக்களிடம் ஏற்கெனவே இருந்ததை எடுத்தார். சாந்த வழிப் பயிற்சி ஒன்றுதான். சைவருக்கு அது 'ஓம்' என்ற செபம், முஸ்லிமுக்கு 'சுபஹானல்லாஹ்', கத்தோலிக்கருக்குச் செபமாலை, பௌத்தருக்கு மூச்சில் கவனம் வைக்கும் தியானம். சமூகத் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இப்படித்தான் பயிற்சி கொடுக்கப்பட்டது. முன்பின் தெரியாத தளர்வுப் பயிற்சியைச் செய்யச் சொன்னால் கூச்சப்படும் ஆச்சி, செபம் என்றால் உடனே கண்ணை மூடுவாள்.

வேலை செய்ததில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நான்கையும் ஒரே கட்டத்துக்குள் மாற்றி மாற்றிப் போடலாம் என்றால், அவற்றுக்குள் இருப்பது என்ன? ஓதுபவருக்கு அது கடவுளை அழைப்பது. கற்றுக்கொடுப்பவருக்கு இதயத் துடிப்பைத் தணிப்பது. பேராசிரியருக்கு இந்த இடைவெளி தெரியாமலில்லை. பண்பாட்டைப் பற்றி அவரளவு எழுதியவர்கள் இத்துறையில் நம்மிடையே குறைவு. அவரைப் பின்பற்றும் இருபத்தைந்து வயது மாணவருக்குத் தெரியுமா என்பதே கவலை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின் 1979 இல் தொடங்கிய மனநெருக்கடித் தணிப்புப் பயிற்சி, பௌத்தக் கவன தியானமான சதிபட்டானத்திலிருந்து சமயத்தைக் கழற்றி வைத்தது. இன்று கொழும்பு மாணவர் அதை ஆங்கிலப் பாடநூலில் படித்துத் தேர்வெழுதிவிட்டு வெளியே வந்தால், விகாரையில் அதே பயிற்சி நிர்வாணத்துக்கு வழியாகச் சொல்லப்படுகிறது. இலங்கையரான உளவியலாளர் பத்மல் டி சில்வா லண்டனிலிருந்து 1984 இல் எழுதிய கட்டுரை நேர்மையானது: வேண்டாத எண்ணங்களை விரட்டப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயம் சொல்லும் உபாயங்கள் நவீன நடத்தைச் சிகிச்சையின் உத்திகளை ஒத்திருப்பதைக் காட்டிய அவர், அவற்றின் இலக்கு வேறு என்பதை மறைக்கவில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் ஆய்வு காட்டிவிட்டது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை, பெரும்பாலும் மனச்சிதைவு நோயாளிகளை, ரகுராமும் சக ஆய்வாளர்களும் கவனித்து 2002 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து இல்லை, காலையில் சிறு பூசை, பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறி அளவீடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் அதிகம் கூத்தாடத் தேவையில்லை. சுவையானது அவர்கள் கண்ட காரணம்: அச்சுறுத்தாத, ஆறுதலான சூழல். தங்கிய குடும்பங்களைக் கேட்டிருந்தால் முத்துசாமி என்றிருப்பார்கள். ஆய்வில் முத்துசாமிக்கு இடமில்லை.

அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், மனநோய் தீர வேண்டி மக்கள் வரும் ஏர்வாடி தர்காவுக்கு அருகே இருந்த தனியார் மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. நம்பிக்கையைத் தீர்ப்பிடாதே என்ற விதியை இந்த இடத்தில் யாராவது சொன்னால் அது கோழைத்தனம். அந்தக் காப்பகத்துக்கு நோயாளியை அழைத்துவந்த குடும்பத்தின் நம்பிக்கை வேறு, அதைக் காசாக்கிய சங்கிலி வேறு என்று பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

எல்லா விதியும் தோற்கும் இடம் ஒன்றுண்டு. வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். உடல் இல்லை. எனவே அந்தியேட்டிக்கு நாள் இல்லை. நோய் வகைப்பாட்டின் ஆறு மாதத்தையும் எண்ணத் தொடங்க முடியாது. அமெரிக்க உளவியலாளர் பவுலின் பாஸ் இத்தகைய நிலையைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். அரசும் தன் பங்குக்கு, இறப்புச் சான்றிதழ் வேண்டாதவர்களுக்கு ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழை வழங்க 2016 இல் சட்டம் செய்தது. சாஸ்திரத்திலோ பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்த இடமுண்டு. போர் முடிந்து அந்தப் பன்னிரண்டும் கடந்துவிட்டன. அதைச் செய்து முடித்தால் ஆறுதல் வரும் என்று ஓர் உளவியலாளர் ஒரு மனைவியிடம் எடுத்துச்சொல்லலாமா? சொன்னால் அவள் பொட்டை அழிக்கச் சொன்னதாகும். கணவன் இறந்துவிட்டான் என்று ஒரு கிளினிக் தீர்ப்பளித்ததாகும். அவளாகக் கேட்டால் ஐயரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். மறுத்துப் பேசுபவர்களிடமும் நியாயம் உண்டு, ஏனென்றால் முடிவில்லாமல் காத்திருப்பதும் ஆளைத் தின்கிறது.

பயிற்சியில் இதற்கு இடம் வைப்பது பெரிய செலவல்ல. மாணவர் எழுதும் ஒவ்வொரு நோயாளி அறிக்கையிலும் வயது, தொழில் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'மதம்' என்று ஒற்றைச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சொல்லை ஒரு பக்கமாக விரிக்கச் சொல்லலாம்: இறந்தவர் இப்போது எங்கே இருப்பதாக இவர் நம்புகிறார், எந்த நாட்கள் இவருக்கு முக்கியம், இவருடைய சமயத்தில் யாருடைய வார்த்தை இவரிடம் செல்லும். கடைசியாக, இதே கேள்விகளுக்கு மாணவரின் சொந்தப் பதில் என்ன. மாணவர்கள் முரண்டுபிடிக்கப்போவது இந்தக் கடைசி வரியில்தான். இதை வெளியே வைத்துவிட்டு வரத்தானே இத்தனை வருஷம் பயிற்சி என்று கேட்பார்கள்.