காவலன் குற்றவாளியா?

தூங்கிப்போன காவல்காரனை யாரும் மன்னிப்பதில்லை. விழித்திருந்தும் ஏமாந்துபோன காவல்காரனை என்ன செய்வது? இந்தக் கேள்வி சில மாதங்களாக என்னை விடாமல் தொடர்ந்து வருகிறது. கதை எழுதுகிறவனுக்கு இத்தகைய கேள்விகள் வழக்கமானவைதாம். ஆனால் இது கதைக்காகத் தேடிப் பிடித்த கேள்வி அல்ல. என் அக்காளின் மார்பில் இருந்த கட்டி எனக்குக் கொடுத்த கேள்வி.

அவளுக்கு ஆபரேஷன் நடந்த மறுநாள், டாக்டராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன்: "ஒரு முள் குத்தினால் ஓடிவந்து சூழ்ந்துகொள்கிற வெள்ளணுக்கள், இத்தனை நாள் எங்கே போயிருந்தன?"

"எங்கும் போகவில்லை. கட்டிக்குள்ளேயேதான் இருந்திருக்கும்" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். விஞ்ஞானம் என்றால் சற்று ஒதுங்கியே நிற்பேன். ஆயினும் அன்று அவரிடம் புத்தகங்களை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

1882-இல் ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகரில், மெச்னிகாவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போன்ற உடம்பு கொண்ட நட்சத்திர மீன் குஞ்சுகளில் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் பார்த்தால், நடமாடும் அணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் காவலர்கள் உடம்புக்குள்ளேயே உண்டு என்ற கொள்கை அதிலிருந்து பிறந்தது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1863-இல், ஜெர்மன் டாக்டர் விர்ஹோ புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதைப் பார்த்திருக்கிறார். திருடன் வீட்டில் காவலர்களுக்கு என்ன வேலை?

விழுங்கும் அணுக்களுக்கு இரண்டு தொழில் உண்டு. கிருமியை அழிப்பது ஒன்று. புண்ணை ஆற்றுவது மற்றொன்று. ஆற்றும்போது அவை சண்டையை நிறுத்துகின்றன. புதிய ரத்தக் குழாய்கள் வளரச் செய்கின்றன. எப்போது எந்தத் தொழில் என்பதை அக்கம் பக்கத்திலிருந்து வரும் ரசாயனச் சேதிகளே சொல்கின்றன. புற்றுக்கட்டி இந்தச் சேதிகளைத்தான் தானும் அனுப்புகிறது. சில ரசாயனங்கள் 'இங்கே வாருங்கள்' என்று அழைக்கின்றன. வந்த பிறகு வேறு சில, 'அபாயம் தீர்ந்தது. இனி ஆற்றுகிற வேலையைப் பாருங்கள்' என்கின்றன. கட்டி வெளியே தள்ளும் கழிவான லாக்டிக் அமிலம்கூட இப்படிப்பட்ட சேதியாக வேலை செய்கிறது என்று 2014-இல் எலிகளிடம் கண்டார்கள். பாவம், காவலன் கொல்ல வந்த இடத்தில் கொத்தனாராகிவிடுகிறான். அவன் தருவித்த ரத்தக் குழாய்களில் கட்டி கொழுக்கிறது. புற்றுக்கட்டி ஆறாத புண்ணைப் போன்றது என்று ட்வோராக் என்ற அமெரிக்க டாக்டர் 1986-இல் எழுதினார்.

டி-அணுக்கள் என்ற மற்றொரு படையின் கதையும் இதுதான். அவற்றின் மேல் பி.டி.-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதை 1992-இல் கியோட்டோ பல்கலைக் கழகத்தில் தாஸுகு ஹோஞ்ஜோ என்பவரின் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அது ஒரு பிரேக் என்பது பின்னால் தெரிந்தது. டி-அணு தாக்கும்போது இண்டர்பெரான் என்ற ரசாயனத்தை வெளிவிடுகிறது. அதை உணர்ந்த புற்றணுக்கள் பல, அந்தப் பிரேக்கை அழுத்தும் புரதத்தைத் தங்கள் மேல் தாங்கிக்கொள்கின்றன. வந்தவன் கை ஓய்ந்துவிடுகிறது.

இயற்கை எதற்காக இப்படி ஒரு பிரேக்கை வைத்தது? பி.டி.-1 இல்லாமல் பிறக்கச் செய்த எலிகள் சிலவற்றில், காவல் படையே சிறுநீரகத்தையும் மூட்டுகளையும் தாக்கிற்று என்று 1999-இல் அதே கியோட்டோக் குழுவினர் அறிவித்தார்கள். ஸி.டி.எல்.ஏ.-4 என்ற வேறொரு பிரேக் இல்லாத எலிகள் சில வாரங்களிலேயே செத்துப்போயின. 'போதும், நிறுத்து' என்ற சொல்லுக்குச் செவி சாய்க்காத காவலன், வீட்டுக்காரனையே கொன்றுவிடுவான். ஆகவே கட்டி பயன்படுத்திக்கொள்வது காவலனின் குறையை அல்ல. அவனுடைய நல்ல குணத்தை.

இதுவரை படித்ததும், அணுவுக்கு விடுதலை கொடுத்துவிட்டேன். சேதி பொய் என்று அறிய அதற்கு வழியே இல்லை. வழியில்லாதவனிடம் குற்றம் காண்பது நியாயமா?

ஆனால் கூண்டில் இன்னும் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

அக்காள் எங்களோடுதான் இருக்கிறாள். அத்திம்பேர் காலமான பிறகு அவளும் அவள் பெண்ணும் இங்கே வந்துவிட்டார்கள். கட்டி இருப்பது அவளுக்கு எட்டு மாதங்களாகத் தெரியும். பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று மறைத்துவிட்டாள். அவள் இளைத்து வந்ததை நான் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டதையும் பார்த்தேன். ஒருநாள் கேட்டேன்.

"ஒன்றுமில்லைடா. கல்யாண அலைச்சல்" என்றாள்.

நான் என் அறைக்குத் திரும்பிப்போய், பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய அத்தியாயத்தை எழுதி முடித்தேன். அன்று பேனா நன்றாகவே ஓடிற்று.

நண்பரிடம் இதைச் சொன்னபோது, "வீட்டில் சொல்கிற 'ஒன்றுமில்லை'யை எல்லாம் சந்தேகித்தால் குடும்பம் நடத்த முடியுமா?" என்று தேற்றினார். அவர் சொன்னது உண்மைதான். எந்நேரமும் சந்தேகிக்கிறவன் குடும்பம் அந்தப் பிரேக் இல்லாத எலியின் உடம்பு மாதிரிதான் ஆகும். வைத்தியத்திலேயே இதைக் காணலாம். பிரேக்கைத் தடுத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று 1996-இல் ஜேம்ஸ் அல்லிஸன் என்ற அமெரிக்கர் காட்டினார். அந்த வழியில் வந்த மருந்தை 2011-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். 2018-இல் அவருக்கும் ஹோஞ்ஜோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய மருந்துகளால் பிழைத்தவர்கள் உண்டு. சிலருடைய குடலையும் தைராய்டு சுரப்பியையும் அவர்களுடைய காவலர்களே தாக்கியதும் உண்டு. சந்தேகத்தையும் அளந்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் நண்பரின் தேறுதல் என்னிடம் செல்லவில்லை. அக்காளின் சொல்லை நம்பியது என் குற்றம் அல்ல. அந்தச் சொல் வந்ததும் எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டதே, அங்கேதான் குற்றம் இருக்கிறது. டாக்டரிடம் அலைய வேண்டாம், பணம் புரட்ட வேண்டாம், எழுத்து தடைப்படாது. அவள் பொய் சொன்னாள். அதை நான் விலைக்கு வாங்கிக்கொண்டேன். ரசாயனத்துக்குக் கட்டுப்படும் அணுவுக்கு அந்த நிம்மதியில் லாபம் ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது.

ஏமாந்தவன் குற்றவாளியா என்று கேட்டால், இப்போது நான் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: ஏமாந்ததில் உனக்கு என்ன மிச்சமாயிற்று? ஒன்றும் இல்லை என்றால், நீ போகலாம். ஏதாவது இருந்தால், இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டியவன் நீ.

அக்காளுக்கு இன்னும் சிகிச்சை நடந்துவருகிறது. நேற்று மாலை திண்ணையில் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "என்ன அக்கா?" என்றேன்.

"ஒன்றுமில்லைடா. நீ போய் எழுது."

எழுதப் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மறுபடியும் கேட்டேன்.