பெயரும் மறுகுரலும்

கூண்டிலிருக்கும் சிறு கிளியொன்று தன் பெயரை அறியுமா என்னும் வினா, கேட்ட மாத்திரத்தில் விளையாட்டானதாகவே தோன்றும். மெய்யியல் பயிலும் மாணவரொருவர் இதனை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வாராயின் அவருடைய நண்பர்கள் நகைப்பதும் கூடும். ஆயினும் பெயர் என்பது யாது, அறிதல் என்பது யாது, தான் என்பது யாது என்னும் பழஞ் சிக்கல்கள் யாவும், முப்பது நாற்பது கிராம் எடையுள்ள இப்பறவையின்மீது வந்து குவிந்திருப்பதை ஊன்றி நோக்குவோர் உணர்வர்.

நம் நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் 'லவ் பேட்ஸ்' என வழங்கப்படும் பறவையையே ஈண்டுக் கருதுகின்றோம். உண்மையில் அப்பெயருக்குரியது ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனமாகும். நாம் வளர்ப்பதோ அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு வெளிகளிற் பெருங்கூட்டமாகத் திரியும் பட்ஜரிகர். 1805இல் விஞ்ஞான நூலில் இடம்பெற்ற இப்பறவையை, 1840இல் யோன் கூல்ட் என்னும் இயற்கையியலாளர் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பட்ஜரிகர் என்ற சொல்லும் அந்நிலத்து ஆதிக்குடிகளின் மொழியிலிருந்து வந்ததே. ஓரினத்தின் பெயரையே மாற்றி வழங்கும் நாம், அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்று தன் பெயரைச் சரிவர அறிகின்றதா எனச் சோதிக்கப் புகுவது சற்று வேடிக்கையானதே. அது நிற்க.

பறவை தன் பெயரைச் சொல்கின்றது, ஆதலால் அதனை அறிகின்றது என்பது பலர் கூறும் வாதம். இது நிலைக்கத்தக்கதன்று. இங்கிலாந்தில் 1954இற் பிறந்த ஸ்பார்க்கி என்னும் பட்ஜரிகர், 1958இல் பி.பி.சி. நடத்திய பேசும் பறவைகளுக்கான போட்டியில் வென்றது. ஐந்நூறுக்கு மேற்பட்ட சொற்களை உச்சரித்தது. தன் பெயரையும் வீட்டு முகவரியையும் பிழையின்றி ஒப்புவித்தது. 1962இல் இறந்தபின் அதன் உடல் நியூகாசில் நூதனசாலையில் வைக்கப்பட்டது. கலிபோர்னியாவில் வளர்ந்து 1994இல் இறந்த பக் என்னும் பறவையோ 1,728 சொற்களுடன் கின்னஸ் பதிவு நூலில் இடம்பெற்றது. யப்பானின் சகாமிஹாரா நகரில் வீட்டைவிட்டுப் பறந்துபோன பறவையொன்று பொலிசாரிடம் தன் முகவரியைச் சொல்லி வீடு சேர்ந்த செய்தி 2012இல் உலகெங்கும் வெளியாயிற்று. முகவரியைச் சொன்ன அப்பறவை முகவரி என்பது யாதென அறிந்திருந்தது என எவரும் வாதிடார். அவ்வாறாயின் பெயரைச் சொல்வது மாத்திரம் எங்ஙனம் சான்றாகும்? டேக்காட் 1637இல் எழுதிய நூலிலேயே கிளிகள் சொற்களை ஒலிக்குமேயன்றித் தாம் எண்ணுவதை உரைக்கமாட்டா எனக் கூறிவிட்டார். அவருடைய முடிவு முழுவதையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஒலித்தல் வேறு, உணர்ந்துரைத்தல் வேறு என்ற பிரிவினையை ஏற்றே ஆகவேண்டும்.

எனவே சொல்வதை விடுத்து, கேட்டுத் திரும்புவதை நோக்குவோம். வளர்ப்போர் தம் குரலால் அழைக்கப் பறவை தலையைச் சாய்க்கின்றது, கம்பியருகே வருகின்றது, சீழ்க்கையொலி எழுப்புகின்றது. ஆனால் அழைக்கும்போது பெயர் மாத்திரமா அதன்பாற் செல்கின்றது? குரலின் குழைவு, முகத்தின் நெருக்கம், தினை வைக்கும் வேளை ஆகிய அனைத்துமன்றோ உடன் செல்கின்றன! ஜேர்மனியில் கணக்குச் செய்ததாகப் புகழப்பட்ட 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்ற குதிரை, வினாவுவோரின் தலையசைவைக் கண்டே குளம்பால் தட்டுவதை நிறுத்தியது என்பதை ஒஸ்கார் பூங்ஸ்ட் 1907இல் நிறுவினார். விலங்குகளின் அறிவை ஆராய்வோர் அன்றுதொட்டு அக்குதிரையை மறப்பதில்லை.

இத்தகைய மயக்கத்தை நீக்கும் வழியை யப்பானிய ஆய்வாளர் அற்சுகோ சைற்றோவும் அவர்தம் குழுவினரும் பூனைகளிடத்துக் கையாண்டு 2019இல் வெளியிட்டனர். பெயரோடு ஒத்த நீளமுடைய வேறு சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்வர்; பூனையின் கவனம் படிப்படியாகத் தளரும்; பின்னர் அதன் பெயர் ஒலிக்கும். தளர்ந்த கவனம் அவ்வேளையில் மீளுமாயின், பெயரொலியைப் பூனை பிரித்தறிகின்றது என்பது பெறப்படும். பல பூனைகளிடத்து அவ்வாறே மீண்டது. முன்பின் அறியாதவர் குரலில் ஒலித்தபோதும் மீண்டது. பட்ஜரிகரிடத்தும் இம்முறையைக் கையாளத் தடையேதுமில்லை. அயலார் ஒருவர் மறைவிலிருந்து உணர்ச்சியேற்றாத குரலிற் சொற்களைச் சொல்லவேண்டும்; வீட்டில் இரு பறவைகள் இருப்பின், ஒன்றன் பெயருக்கு மற்றையது திரும்புகின்றதா எனவும் பார்க்கவேண்டும். செவிப்புலனைப் பொறுத்தவரையில் ஐயத்துக்கு இடமில்லை. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் டூலிங்கும் பிறரும் செய்த பரிசோதனைகளில், மனிதப் பேச்சின் உயிரொலிகளையும் மெய்யொலிகளையும் வேறுபடுத்தி அறியும் ஆற்றல் இப்பறவைகளுக்கு உண்டென்பது தெளிவாயிற்று.

ஆகவே பெயரொலியைப் பிற ஒலிகளினின்றும் பிரித்தறிதல் இப்பறவைக்கு இயலும் எனக் கொள்வது நியாயமே. ஆனால் அதுவே தன் பெயரை அறிதலாகுமா? நாலரை மாதக் குழந்தைகள் தம் பெயரொலியைப் பிற பெயர்களைவிட விரும்பிக் கேட்கின்றன என 1995இல் அமெரிக்க உளவியலாளர் கண்டனர். கண்ணாடியில் தெரியும் உருவம் தானே என்று அக்குழந்தை உணர இன்னும் ஓராண்டேனும் செல்லும். பட்ஜரிகரோ கூண்டிலுள்ள கண்ணாடியில் தன்னைக் காண்பதில்லை. ஒரு துணையையே கண்டு அதற்கு இரையூட்ட முயல்கின்றது. ஆயின், 'நான்' என்ற உணர்வு முதிர்ந்த பின்னரே பெயர் பொருள்படும் என்று சொன்னால், நம் வீட்டுத் தொட்டில்களிற் கிடப்போருக்கும் பெயரில்லை என்றே சொல்ல நேரும். யோன் ஸ்ருவாட் மில் 1843இல் வெளியிட்ட அளவையியல் நூலில், இடுபெயர் ஒருவரைச் சுட்டுமேயன்றி அவர் பண்பு எதனையும் குறியாது என்றார். சுட்டுவது யார், சுட்டப்படும்போது திரும்புவது யார் என்பனவே அப்பொழுது எஞ்சுகின்றன. விற்கன்ஸ்ரைனின் பிற்கால நூலைப் பயின்றோர், பெயரைப் பொருளின்மீது ஒட்டிய சீட்டாக எண்ணும் வழக்கத்தை அவர் எவ்வளவு கடுமையாக ஐயுற்றார் என்பதை அறிவர். பெயர் வாழ்வது வழக்கிலேயே.

அவ்வாறாயின் பட்ஜரிகரின் வழக்கு யாது? விடயத்தின் உயிர்நாடி இங்கேதான் உள்ளதென்பது என் கருத்து. கூட்டத்தினின்றும் பிரியும்போதும் ஒன்றையொன்று தேடும்போதும் இப்பறவைகள் குறுகிய ஓர் அழைப்பொலியை எழுப்பும். இதனைத் தொடர்பொலி எனலாம். இது பிறப்போடு வந்த மாறா ஒலியன்று, கற்றுக்கொள்வது, மாற்றிக்கொள்வது. ஒன்றாக வைக்கப்படும் பறவைகளின் தொடர்பொலிகள் சில வாரங்களில் ஒன்றையொன்று ஒத்துவிடும். ஆணும் பெண்ணும் இணையும்போது ஆண்பறவை தன் துணையின் தொடர்பொலியைப் பின்பற்றித் தனதாக்கிக்கொள்ளும் என்பதை 2000ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் விரிவாகக் காட்டினர். பிற உயிர்களிடத்து நிலைமை வேறு. வெனிசுவேலாவின் சிறு கிளிகளிடையே பெற்றோரே குஞ்சுக்குரிய ஒலியை வழங்குகின்றனர் என்பதைக் கார்ல் பேர்க் குழுவினர் 2011இற் கண்டனர். கூடுகளுக்கிடையே முட்டைகளை மாற்றி வைத்தபோதும், குஞ்சுகள் வளர்த்தோரின் ஒலியையே ஒத்து ஒலித்தன. தன்னுடைய சீழ்க்கையொலியைப் பிறிதொன்றிடமிருந்து கேட்கும் ஓங்கில், மறுகுரல் கொடுக்கின்றது. ஆபிரிக்க யானைகள் ஒன்றையொன்று தனித்தனி ஒலிகளால் விளிக்கின்றன என்பதற்கான சான்றுகள் 2024இல் வெளிவந்தன. இவையெல்லாம் நம் பெயர்முறைக்கு அண்மையானவை. பட்ஜரிகரின் ஒலியோ ஒருவருக்கு ஒன்றென்னும் உடைமையன்று. இருவருக்கிடையிலோ ஒரு கூட்டத்துக்குள்ளோ பகிரப்படுவது.

இது விந்தையானதெனின், யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறையினரின் இல்லங்களை நினைவுகூர்க. மனைவி கணவன் பெயரைச் சொல்லாள், 'இஞ்சாருங்கோ' என்பாள். அவனும் 'இஞ்சாரும்' என்பான். அவ்வொலி வீட்டிலுள்ள அனைவர் செவியிலும் விழும், திரும்புபவர் ஒருவரே. அகராதிப்படி அது பெயரன்று. வாழ்க்கைப்படி அதனினும் உறுதியான பெயர் அவர்களிடையே இருந்ததில்லை.

இதனை ஏற்போமாயின் நம் வினா தலைகீழாகின்றது. தனித்து வளர்க்கப்படும் ஆண்பறவை, தன்னிடம் வருவோர் வரும்போதெல்லாம் எழுப்பும் ஓரொலியைக் கேட்கின்றது. 'மணி, மணி' என்கின்றோம். அதன் இயல்பின்படி அவ்வொலி வருபவருக்கே உரியது. துணையாக வரித்தவரின் தொடர்பொலி. அதனைக் கற்று அது திருப்பிச் சொல்லும்போது, 'நான் மணி' எனத் தன்னை அறிமுகஞ் செய்வதாக நாம் மகிழ்கின்றோம். அது நம்மையன்றோ அழைத்துக்கொண்டிருக்கக்கூடும்! பறவையின் மனத்துள் புகுந்து இதனை மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் தாழ்ந்த ஆற்றலாலே விளக்கத்தக்கதற்கு உயர்ந்த ஆற்றலைக் கற்பிக்கலாகாது என 1894இல் லொயிட் மோர்கன் வகுத்த நெறிக்கு இவ்விளக்கம் முரணன்று. தன்னுணர்வு, பெயர்க்கருத்து என்பனவற்றுள் எதனையும் இது வேண்டுவதில்லை.

நம் இலக்கண நூலார் இவ்விடயத்திற் காட்டும் தாராளம் கருதத்தக்கது. சாத்தன் என்பது மனிதனுக்கும் எருதுக்கும் இடப்படும் விரவுப்பெயர். வந்தான் என்றோ வந்தது என்றோ வினை வந்த பின்னரே திணை துணியப்படும். அஃறிணைப் பெயரும் அழைக்கும் வேளை வருமாயின் விளியேற்கும் எனத் தொல்காப்பியர் விளிமரபில் இடந்தருகின்றார். மரபியலிலே மன அறிவுடைய விலங்குகளும் சில உளவென்னுமிடத்து, உரையாளர் கிளியையும் குரங்கையும் யானையையும் எடுத்துக்காட்டினர். அவர்கள் பரிசோதனை செய்தவரல்லர். எனினும் விளித்தல் என்னும் செயல் திணையெல்லையைக் கடந்து செல்வதை அவர்கள் தடுக்கவில்லை.

இனி அறவினாவுக்கு வருவோம். பட்ஜரிகர் நன்கு பேசவேண்டுமாயின் அதனைத் தனியே வைக்கவேண்டும் என்பது வளர்ப்போர் நெடுங்காலமாகக் கையாளும் முறை. தன்னினத்தாரின் குரல் கேட்குமாயின் மனிதச் சொல்லில் அதன் நாட்டம் குறையும். எனவே தன் பெயரைச் சொல்லும் பறவையைக் கண்டு நாம் வியக்கும் திறமை, பெரும்பாலும் அதற்கு மறுக்கப்பட்ட துணையின் விலையாகவே கிடைக்கின்றது. நாம் அறையை விட்டு நீங்கியதும் அது விடாது எழுப்பும் கூர்ங்குரலைத் தொல்லை என்கின்றோம். கூண்டின்மேற் துணியைப் போர்த்துகின்றோம். அது தொடர்பொலியே. நம் அழைப்புக்கு அது மறுமொழி தருகின்றதா எனப் பரிசோதனைகள் வகுக்கும் நாம், அதன் அழைப்புக்கு நம் மறுமொழி யாது என்பதை ஒரு வினாவாகவும் கொள்வதில்லை. பெயர் வைத்து அழைப்பவர், அழைக்கப்படுவதற்கும் உடன்பட்டவராகின்றார் என்று நான் கருதுகின்றேன். நாள் முழுதும் வெளியே தொழில் செய்வோரால் அவ்வுடன்பாட்டைக் காக்க இயலாது. இன்னொரு பட்ஜரிகரால் இயலும்.

இணையாக வைத்தாற் பேசமாட்டாதே என்பது எதிர்வாதம். ஆம், குறைவாகவே பேசும். சில முற்றாகவே பேசாதொழியும். சுவிற்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், கிளியினப் பறவைகளைத் தனியே வளர்ப்பதைத் தடைசெய்து, குறைந்தது இரண்டாகவே வைத்திருக்கவேண்டும் எனப் பணித்தன. அப்பறவைகள் தம் பெயரை அறியுமா அறியாவா என்பது தெளியும்வரை அவ்விதிகளை வகுத்தோர் காத்திருக்கவில்லை.