வரி முடிகிற இடம்

ஓலைச்சுவடியில் வரியின் நீளத்தைத் தீர்மானிப்பது ஓலை. கவிஞன் நின்ற இடத்தைப் பற்றி எழுத்தாணிக்குக் கவலை இல்லை. இருந்தும், இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்மீது பாடிய சிறுபாணாற்றுப்படையை உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டில் ஒன்றாக அச்சேற்றியபோது, 269 அடிகளும் அடிகளாகவே நின்றன. அகவலுக்கு அடிதோறும் நாற்சீர், ஈற்றயலில் மூன்று. ஓலை காட்டாததை யாப்பு காட்டிற்று.

புதுக்கவிதைக்கு இந்தக் காப்பு இல்லை. வேண்டாமென்று உதறினோம், சரியாகத்தான் உதறினோம். அதற்குப் பிறகு வரிமுடிவுக்கு ஒரே சாட்சி தாளின் வெற்றிடம்தான். கம்ப்யூட்டரில் அந்த வெற்றிடமும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் எழுத்து.

அதே ஓய்மாநாட்டுப் பக்கம், மரக்காணம் உப்பளங்களுக்கு உள்ளே தள்ளி, கிளியனூரில் இருந்துகொண்டு பழைய சிறுபத்திரிகைக் கவிதைகளைத் தட்டச்சு செய்துவரும் நண்பர் ஒருவர், அவற்றை ஒழுங்குபடுத்த ஒரு சிறு நிரல் எழுதினார். வெற்றுவரி வந்தால் புதுப்பத்தி; மற்ற வரிகளை ஒன்றாகச் சேர். உரைநடைக்குப் போதுமான விதி. கவிதைகளுக்கு வேறு விதி வைத்திருந்தார். ஆனால் இரண்டுமே வெற்றுவரியை நம்பியவை. ஓட்டிப் பார்த்தால் கட்டுரை, கவிதை எல்லாம் ஒரே பத்தி. திரையில் ஒரு வரியின்மேல் இன்னொரு வரி ஏறிக் கிடந்தது. கோப்பை எண்களாகக் கொட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: வெற்றுவரி வெறுமையாக இல்லை. அதில் 13 உட்கார்ந்திருந்தது.

டெலிபிரிண்டர் காலத்து மிச்சம் இது. 13 என்றால் அச்சுமுனை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். 10 என்றால் தாள் ஒரு வரி நகர வேண்டும். விண்டோஸ் இரண்டையும் எழுதுகிறது. யுனிக்ஸுக்கு 10 போதும். பழைய மக்கின்டாஷில் 13 மட்டும். ஆகவே '13ஐ எல்லாம் அழித்துவிடு' என்ற வைத்தியம் முதல்வகைக் கோப்பைக் குணப்படுத்தும். மூன்றாம் வகையில் வரிகள் அத்தனையையும் ஒட்டிவிடும். சொல் ஒன்றும் குறைந்திருக்காது. கவிதை மட்டும் இருக்காது.

இது தொழில்நுட்பத் தொல்லை, தீர்ந்துவிடுகிறது. தீராதது வேறு. நீளமான வரியைப் பத்தியின் அகலம் போதாமல் அச்சுக்கோப்பவர் மடக்கியிருப்பார். கவிஞர் வேண்டுமென்றே இன்னோர் இடத்தில் முறித்திருப்பார். தட்டச்சில் இரண்டும் அதே 10. ஒன்று மனத்தின் முடிவு, மற்றது தாளின் முடிவு. எந்த நிரலாலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. யாரோ ஒருவர் படித்துத் தீர்மானிக்க வேண்டும். அப்படித் தீர்மானிப்பவர் பதிப்பாசிரியர். தம்மை வெறும் தட்டச்சர் என்று அவர் சொல்லிக்கொள்வது அடக்கமல்ல, பொறுப்பைக் கைகழுவுதல். சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் வைத்தார். நம் கோப்புகளில் வரிபேதத்துக்கு அடிக்குறிப்பு கிடையாது.

சந்தேகமான முறிவுகளில் நண்பர் இப்போது ஒரு குறி இடுகிறார். அடுத்து வரும் நிரல் அதையும் குப்பையென்று கூட்டிவிடக்கூடும்.