மணியின் உயரம்

மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழர் இருக்கமாட்டார்கள். திருவாரூர் அரண்மனை வாயிலில் ஓர் ஆராய்ச்சி மணி. கன்றை இழந்த பசு வந்து அதை அடித்தது. கன்றைத் தேரேற்றிக் கொன்ற தன் மகனையே அரசன் தேர்க்காலில் இட்டான். சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடிய அந்த அரசனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் இருக்கிறது. கதையின் முடிவு நம்மை உலுக்கிவிடுகிறது. அதனால் அதற்கு முன்னால் வரும் இரண்டு சிறிய செய்திகளை நாம் கவனிப்பதில்லை.

ஒன்று, அந்த மணி ஒரு பசுவுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. மற்றொன்று, பசு மணியை அடித்ததே தவிர வாய் திறந்து ஏதும் சொல்லவில்லை. நடந்தது என்ன என்று அமைச்சர் சொல்லித்தான் அரசனுக்குத் தெரிந்தது. மணியை எட்டும்படி கட்டுவது ஒரு கடமை; ஒலித்த மணிக்குப் பொருள் என்ன என்று விசாரித்து அறிவது இன்னொரு கடமை. மாநகராட்சியானாலும் சிற்றூர் ஊராட்சியானாலும், மக்களின் குறையைக் கேட்க உட்கார்ந்த எவருக்கும் இந்த இரண்டு கடமைகளும் உண்டு.

இன்று மணிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் குப்பை தேங்கினால் 1913 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள். 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் கிராம சபைக்குச் சட்டத்திலேயே இடம் தந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மணிகளை அடிப்பவர்கள் யார்?

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது நம் பழமொழி. உலக அனுபவமாக இது உண்மைதான். நீதியாகக் கொள்ள முடியுமா? அழுகிற குழந்தைக்குப் பால் தருவது எந்தத் தாயும் செய்கிற காரியம். அழத் தெம்பில்லாமல் கிடக்கும் குழந்தையைக் கண்டால்தான் அவள் பதறுவாள். ஆட்சி தாயாக இருக்கவேண்டும் என்று நாம் சொல்வதன் பொருள் அதுதான்.

ஒரு பேச்சுக்கு இரண்டு வட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து தெருவிளக்கைப் பற்றி ஐம்பது புகார்கள். மற்றொன்றிலிருந்து ஒன்றுகூட இல்லை. பதிவேட்டை மட்டும் பார்க்கும் அதிகாரி, இரண்டாவது வட்டத்தில் எல்லாம் நலம் என்று முடிவு கட்டிவிடலாம். அங்கே விளக்குகள் ஒழுங்காக எரிவதால் மௌனமா? எழுதினால் யாராவது பகைப்பார்களோ என்ற பயத்தால் மௌனமா? மனுக் கொடுக்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதாலா? மூன்று முறை கொடுத்தும் பயனில்லை என்று மனம் கசந்துவிட்டதாலா? நான்கு மௌனமும் பதிவேட்டில் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும். ‘மௌனம் சம்மதம்’ என்பது கல்யாணப் பேச்சுக்குக்கூட எப்போதும் பொருந்துவதில்லை. ஆட்சிக்கு எப்படிப் பொருந்தும்?

கதை எழுதுகிறவனுக்கு இது பழக்கமான விஷயம். தொடர்கதை வெளிவரும்போது கடிதங்கள் வரும். மிகவும் பிடித்தவர்கள் எழுதுவார்கள். மிகவும் கோபம் கொண்டவர்களும் எழுதுவார்கள். படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள் எழுதுவதில்லை. வந்த கடிதங்களே வாசகர் உலகம் என்று எண்ணி எழுதுகிறவன் விரைவில் ஐம்பது பேருக்காக மட்டும் எழுதத் தொடங்கிவிடுவான்.

இன்னொன்றும் உண்டு. புகார் என்பது ஒருவகை நம்பிக்கை. கேட்பார் உண்டு என்று நம்புகிறவன்தான் காகிதத்தை எடுக்கிறான். நேர்மையான அதிகாரி ஒருவர் வந்ததும் மனுக்கள் பெருகினால், ஊர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ஊர் பேச ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். புகாரின் எண்ணிக்கை குறைந்தால் பாராட்டு என்று மேலிடம் விதித்துவிட்டால் என்ன ஆகும்? குறையைத் தீர்ப்பதைவிட மணியை உயரத்தில் தூக்கிக் கட்டுவது சுலபம் என்று கீழே உள்ளவர்கள் கண்டுகொள்வார்கள்.

பெங்களூரில் 1994இல் சாமுவேல் பால் தொடங்கிவைத்த முயற்சி நினைக்கத் தக்கது. புகார் வரட்டும் என்று காத்திராமல் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். குடிசைப் பகுதிகளிலும் கேட்டார்கள். தண்ணீர், மின்சாரம், மாநகராட்சிப் பணி ஒவ்வொன்றுக்கும் மக்களே மதிப்பெண் இட்டார்கள். பள்ளிப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைப் போல அது வெளியிடப்பட்டது. முதல் பட்டியல் அலுவலகங்களுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. 1999இலும் 2003இலும் மீண்டும் கேட்டார்கள். மூன்றாவது பட்டியலில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மணியை நோக்கி நடக்க முடியாதவரிடம் மணியே நடந்துபோன கதை இது.

‘எல்லோர் சொல்லையும் கேட்டு ஆட்சி நடக்குமா? ஒருவர் வேகத்தடை வேண்டும் என்பார். அடுத்த வீட்டுக்காரர் கூடாது என்பார்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்பது வேறு, கீழ்ப்படிவது வேறு. எல்லாவற்றையும் கேட்டு, எது பொதுநலம் என்று தீர்மானிப்பது ஆள்பவரின் பொறுப்பு. ‘முடியாது’ என்பதும் பதில்தான், காரணத்தோடு வந்தால். பதிலே இல்லாமல் ‘மனு முடிக்கப்பட்டது’ என்று எழுதி மூடுவதுதான் அவமதிப்பு. ஒரு முறை அப்படி அவமதிக்கப்பட்டவன் அடுத்த முறை பேசமாட்டான்.

கடைசியாக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு மனு எழுதத் தெரியும்; தொலைபேசியில் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்றும் தெரியும். நம் தெருவில் குழாய் உடைந்தால் அன்றே நாம் மணியை அடித்துவிடுகிறோம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளிக் குடத்தோடு விடியுமுன் வரிசையில் நிற்பவளுக்காக நாம் எத்தனை முறை அடித்திருக்கிறோம்? மணி எந்த உயரத்தில் தொங்குகிறது என்று ஆள்பவரைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நம் கைக்கு எட்டுகிற கயிற்றை எட்டாதவருக்காகவும் இழுக்கிற கடமையும் அந்த உரிமையோடு சேர்ந்தே வருகிறது.