எண்ணுக்கு என்ன விலை?

2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஒரு ஃபெராரி ஏலத்துக்கு வந்தது. 1954இன் 500 மோன்டியல். பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. 1960களில் மோதி எரிந்துபோனது. நம்ம ஊர் காயலான் கடையில் எடைக்குத்தான் எடுப்பார்கள். போன விலை 18.75 லட்சம் டாலர்.

வாங்கியவர் எதை வாங்கினார்? பெரும்பாலும் சேஸி எண்ணைத்தான். நாளை சீரமைத்தால் தகடு முழுக்கப் புதிதாக இருக்கும். அப்போதும் '1954 ஃபெராரி' என்றே விற்கலாம். அது பொய்யா?

அச்சா தேர், சக்கரமா தேர் என்று மிலிந்த மன்னனை நாகசேனர் மடக்கினார். எல்லாம் சேர்ந்ததற்கு இட்ட பெயர்தான் தேர். சரிதான். ஆனா, அவர் தேரை விற்க வரவில்லையே! விற்கிறவனுக்குக் கூடுதலாக ஒரு கடமை உண்டு.

எங்கள் மேனாம்பேட்டுக்குப் பக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில், மாதிரியைக் கொடுத்தால் அச்சு அசலாகக் கடைந்து தரும் லேத்காரர்கள் உண்டு. பில்லில் புதுசு என்றுதான் இருக்கும். அதே வேலை பழைய ஃபெராரிக்குள் போனால் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடக்கூடும். செய்த கையும் சேர்ந்து மறையும்.

பத்து வருட மென்பொருளில் முதலில் எழுதிய வரிகள் அதிகம் மிஞ்சாது. பெயர் மட்டும் அதேதான். ஆனால் எந்த வரியை யார், என்று மாற்றினார் என்ற பதிவு கூடவே இருக்கும். வண்டியோடும் அப்படி ஒரு பட்டியல் வரட்டும். விலை குறையும் என்பார்கள். குறையட்டுமே.